ரிமோட்டை நேரே நீட்ட முடியாதவர்களுக்கு: ஐ.ஆர். இலிருந்து ஆர்.எஃப். இற்கு மாறுவது எப்படி?

தொலைக்காட்சியின் ரிமோட் எல்லோருக்கும் பொதுவான கருவி போலத் தெரிந்தாலும், அது ஒரு நிபந்தனையோடுதான் வேலை செய்கிறது. அதை வைத்திருப்பவர் தொலைக்காட்சியைப் பார்த்து, கையை நீட்டி, இடையில் எதுவும் மறைக்காதபடி அழுத்த வேண்டும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுப் படுத்திருப்பவர், விரல்களை இழந்தவர், பார்வையை இழந்தவர், கை நடுங்குபவர் ஆகியோருக்கு இந்த நிபந்தனை இலகுவானதல்ல. அலைவரிசையை மாற்றவும் சத்தத்தைக் குறைக்கவும் வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

சத்தம் சிலருக்கு இதைவிடப் பெரிய விடயம். எதிர்பாராமல் ஒரு போர்க்காட்சியோ வெடிச்சத்தமோ திரையில் வரும்போது, அதை உடனே நிறுத்தும் பொத்தான் தன் கையில் இருக்கிறதா, அழுத்தினால் வேலை செய்கிறதா என்பது அவர்களுக்கு முக்கியம். ஒவ்வொரு மே மாதமும் இப்படியான காட்சிகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாவதை நாம் அறிவோம்.

தொலைக்காட்சி, டிஷ் பெட்டி, ஹோம் தியேட்டர் அம்பிளிஃபயர், டி.வி.டி. பிளேயர் எல்லாவற்றையும் ஒரே ரிமோட்டில் இயக்கும் யுனிவர்சல் ரிமோட்டுகள் நீண்டகாலமாகக் கடைகளில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவையும் மேற்சொன்ன அதே நிபந்தனையோடுதான் வேலை செய்கின்றன. அந்த நிபந்தனையை நீக்குவதற்கு, செந்நிறக்கீழ் ஒளியிலிருந்து வானொலி அலைக்கு மாற வேண்டும். பெட்டிகளில் முதலாவதை ஐ.ஆர். என்றும் இரண்டாவதை ஆர்.எஃப். என்றும் அச்சிட்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த மாற்றத்துக்கு என்ன தேவை, எப்போது அது தேவையே இல்லை, எப்படிச் செய்வது என்பவற்றைத் தொகுத்துத் தருகிறது.

ஐ.ஆர். ரிமோட் எப்படி வேலை செய்கிறது?

ரிமோட்டின் முனையில் இருக்கும் சிறிய மின்குமிழ் ஏறத்தாழ 940 நனோமீற்றர் அலைநீளம் கொண்ட ஒளியை வெளிவிடுகிறது. நமது கண்ணுக்கு அது தெரியாது. பொத்தானை அழுத்தும்போது அந்த ஒளி பெரும்பாலான கருவிகளில் செக்கனுக்கு 38,000 தடவை விட்டுவிட்டு எரிகிறது. சூரிய ஒளியிலும் அறை விளக்குகளிலும் செந்நிறக்கீழ் ஒளி இருப்பதால், அவற்றிலிருந்து ரிமோட்டின் ஒளியைப் பிரித்தறிவதற்கே இந்த வேகத் துடிப்பு. அந்தத் துடிப்புகளின் நீளத்திலும் இடைவெளியிலும் ஒரு குறியீடு இருக்கும். "இது இன்ன கருவிக்கு" என்பது ஒரு பகுதி. "இன்ன வேலையைச் செய்" என்பது அடுத்த பகுதி. அதனால்தான் தொலைக்காட்சிக்கு அனுப்பும் கட்டளையை அம்பிளிஃபயர் கண்டுகொள்வதில்லை.

இது ஒளி என்பதால் அலுமாரிக் கதவு, போர்வை, குறுக்கே நிற்கும் ஆள் எல்லாமே அதை மறைக்கும். வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிப்பதால் சில வேளைகளில் எதிர்ப்பக்கம் நீட்டினாலும் வேலை செய்யும். ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. இன்னொரு குறை, இது ஒருவழிப் பேச்சு. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று ரிமோட்டுக்குத் தெரியாது.

ஒளியைப் பயன்படுத்தும் யோசனை புதிதல்ல. 1955 இல் அமெரிக்காவின் செனித் நிறுவனத்தில் யூஜின் பொலி வடிவமைத்த ரிமோட் சாதாரண ஒளிக்கற்றையால் இயங்கியது. வெயில் பட்டால் தொலைக்காட்சி தானாக மாறியது. அடுத்த வருடமே அதே நிறுவனத்தின் றொபர்ட் அட்லர் காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். செந்நிறக்கீழ் ஒளி 1980களில் பரவலானது. செலவு மிகக் குறைவு என்பதால் இன்றுவரை அது நிலைத்திருக்கிறது.

ஆர்.எஃப். எதை மாற்றுகிறது, எதை மாற்றாது?

வானொலி அலை மரக்கதவையும் போர்வையையும் கடந்து போகும். செங்கல், கொங்கிரீட் சுவர்களில் வலு குறைந்தாலும் அடுத்த அறைக்குப் போய்ச் சேரும். ரிமோட் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது பொருட்டல்ல. வீட்டுக் கருவிகளில் அதிகம் காணப்படுபவை 433.92 மெகாஹேர்ட்ஸ், 2.4 கிகாஹேர்ட்ஸ் ஆகிய இரண்டும். முதலாவது சுவர்களை ஓரளவு நன்றாகக் கடக்கும். இரண்டாவதை வைஃபையும் புளூடூத்தும் பகிர்ந்துகொள்கின்றன. இரும்பு அலுமாரி, தகரம் போன்ற உலோகங்கள் இரண்டையும் தடுக்கும்.

பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆர்.எஃப். ரிமோட் ஒன்றை வாங்கினால் மட்டும் உங்கள் அம்பிளிஃபயர் அதற்குக் கீழ்ப்படியாது. அதற்கு இருப்பது ஐ.ஆர். கண் மட்டுமே. ஆகவே இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கையில் உள்ள ரிமோட் வானொலி அலையை அனுப்பும். கருவிகளுக்குப் பக்கத்தில் வைக்கும் சிறிய பெட்டி அதை வாங்கி ஐ.ஆர். ஒளியாக மாற்றி எறியும். கடைசி ஒன்றிரண்டு மீற்றர் தூரம் எப்போதும் ஒளிதான். பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

காசு செலவழிக்க முன்னர்

உங்கள் தொலைக்காட்சி புதியதாக இருந்தால், அதன் ரிமோட் ஏற்கனவே புளூடூத்தில் இயங்கக்கூடும். புளூடூத்தும் வானொலி அலைதான். ரிமோட்டைப் போர்வைக்குள் வைத்து ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். வேலை செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதியை எச்.டி.எம்.ஐ. வயர் தீர்க்கக்கூடும். சி.இ.சி. என்ற வசதி அந்த வயரின் ஊடாகவே ஒரு கருவியின் கட்டளையை இன்னொன்றுக்குக் கடத்தும். சாம்சங் அதை எனிநெற் பிளஸ் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும், எல்.ஜி. சிம்பிளிங்க் என்றும் அழைக்கின்றன. தொலைக்காட்சியின் செற்றிங்சில் அதை இயக்கிவிட்டு, ஏ.ஆர்.சி. என்று எழுதப்பட்ட துளையில் அம்பிளிஃபயரை இணைத்தால், தொலைக்காட்சி ரிமோட்டின் சத்தப் பொத்தானே அம்பிளிஃபயரின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும். அம்பிளிஃபயரிலும் இதே வசதி இருக்க வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: அமேசன் ஃபயர் ரிவி ஸ்ரிக் போன்றவற்றின் ரிமோட், ஸ்ரிக்கோடு புளூடூத்தில் பேசினாலும், தொலைக்காட்சியின் சத்தத்தை மாற்றும்போது வழக்கமாக ஐ.ஆர். ஒளியையே அனுப்பும். படம் மாறுகிறது, சத்தம் மட்டும் மாறுவதில்லை என்று குழம்புபவர்களுக்குக் காரணம் இதுதான்.

மாற்றுவதற்கு உள்ள வழிகள்

முதல் வழி, வயர் மூலம் ஐ.ஆர். நீட்டிப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கண்ணை ஒட்டி, அதிலிருந்து வயரை இழுத்து, கருவிகளின் முன்னால் சிறு ஒளிமுனைகளை ஒட்ட வேண்டும். இதில் வானொலி அலை எதுவும் இல்லை. மலிவானது, குழப்பம் குறைந்தது. கருவிகள் அலுமாரிக்குள் இருப்பதுதான் பிரச்சினை என்றால் இதுவே போதும். ஆனால் ரிமோட்டைக் கண்ணுக்கு நேரே பிடிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, பிரமிட் வடிவப் பெட்டிச் சோடி. ஒரு பெட்டி கட்டிலருகே ஐ.ஆர். ஒளியை வாங்கி 433 மெகாஹேர்ட்ஸில் அனுப்பும். மற்றப் பெட்டி கருவிகளருகே அதை மீண்டும் ஒளியாக்கும். அடுத்த அறையில் இருந்தும் இயக்கலாம். இங்கும் முதல் பெட்டியை நோக்கி ரிமோட்டைப் பிடிக்க வேண்டும் என்றாலும், அந்தப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் சிரமம் குறைவு.

மூன்றாவது, பற்றரி வடிவ அனுப்பி. இருக்கும் ரிமோட்டின் ஒரு பற்றரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பற்றரியும் சிறிய அனுப்பியும் சேர்ந்த ஒரு துண்டைப் போடுவார்கள். ரிமோட் பழையதுதான், ஆனால் அது அனுப்பும் கட்டளை வானொலி அலையாகவும் வெளியேறும். பொத்தான்களைத் தடவிப் பழகிய பார்வையிழந்தவர்களுக்கு இது மிகப் பொருத்தம். புதிய ரிமோட்டை ஆரம்பத்திலிருந்து பழக வேண்டியதில்லை.

நான்காவது, ஹப் உடன் வரும் யுனிவர்சல் ரிமோட். லொஜிரெக் நிறுவனத்தின் ஹார்மனி வரிசை இதில் மிகப் பிரபலமானது. ஹப் உள்ள மாதிரிகளில் ரிமோட் ஹப்போடு வானொலி அலையில் பேசும். ஹப் கருவிகளை ஒளியால் இயக்கும். ஒரே பொத்தானில் தொலைக்காட்சி, அம்பிளிஃபயர், டிஷ் பெட்டி மூன்றையும் வரிசையாக எழுப்பலாம். ஆனால் 2021 ஏப்ரலில் லொஜிரெக் ஹார்மனி உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. வெளிநாட்டு உறவினர்கள் அனுப்புவது பாவித்த பொருளாக இருக்கலாம். அதை அமைப்பதற்கு நிறுவனத்தின் இணையச் சேவை தேவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாவது, கைத்தொலைபேசியால் இயக்கும் பெட்டி. புரோட்லிங்க் ஆர்.எம். வரிசை இதற்கு உதாரணம். தொலைபேசி வைஃபை மூலம் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி ஐ.ஆர். ஒளியை எறியும். ஆர்.எம்.4 மினி என்ற மாதிரி ஐ.ஆர். மட்டும் அனுப்பும், ஆர்.எம்.4 புறோ 433 மெகாஹேர்ட்ஸ் கருவிகளையும் இயக்கும். இவை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். கைகளைப் பாவிக்க முடியாதவர்களுக்குக் குரல் மூலம் இயக்கும் வாய்ப்பு இந்த வழியில் கிடைக்கிறது. இணைப்போ ரவுட்டரோ நின்றால் இதுவும் தடுமாறும் என்பது குறை.

படிப்படியாக

1. எந்தக் கருவிகள், எந்தப் பொத்தான்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலானோருக்கு இயக்க, நிறுத்த, சத்தம், ஒலியடக்கம், அலைவரிசை ஆகியவையே தேவை. அதைப் பாவிக்கப்போகிறவரிடம் கேட்டே எழுத வேண்டும்.

2. ஒவ்வொரு ரிமோட்டையும் கைத்தொலைபேசிக் கமராவுக்கு முன்னால் பிடித்து அழுத்துங்கள். முனையில் ஊதா கலந்த வெள்ளை ஒளி மின்னினால் அது ஐ.ஆர். சில தொலைபேசிகளின் பின்கமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும், முன்கமராவில் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால் பற்றரி முடிந்திருக்கலாம், அல்லது அந்த ரிமோட் புளூடூத்தாக இருக்கலாம்.

3. கருவியின் கண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். முன்பக்கக் கறுப்புப் பிளாஸ்ரிக்கில் ரோர்ச் வெளிச்சத்தை அடித்தால் உள்ளே சிறிய குமிழ் போலத் தெரியும்.

4. பெட்டியைக் கருவிகளுக்கு எதிரே, திறந்த இடத்தில் வையுங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்குள், வைஃபை ரவுட்டருக்கு ஒட்டி வைக்க வேண்டாம். கருவிகள் கதவுள்ள அலுமாரியில் இருந்தால், பெட்டியோடு வரும் வயர் ஒளிமுனைகளை ஒவ்வொரு கருவியின் கண்ணிலும் ஒட்டுங்கள்.

5. குறியீடுகளைக் கொடுங்கள். கருவியின் பெயரைப் பட்டியலில் தேடலாம். இல்லாவிட்டால் பழைய ரிமோட்டைச் சில சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்து, "கற்றல்" முறையில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பதியலாம். வெயிலும் பிரகாசமான விளக்கும் படாத இடத்தில் இதைச் செய்தால் பிழைகள் குறையும்.

6. இயக்கும் பொத்தானைக் கவனியுங்கள். பல ரிமோட்டுகளில் இயக்கவும் நிறுத்தவும் ஒரே குறியீடுதான். ஒரே பொத்தானில் மூன்று கருவிகளை இயக்கும்போது, அவற்றில் ஒன்று ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்தால் அது நின்றுவிடும். இயக்கத்துக்கும் நிறுத்தத்துக்கும் தனித்தனிக் குறியீடு கருவியில் இருந்தால் அவற்றையே பாவியுங்கள். தொலைக்காட்சி விழித்தெழச் சில செக்கன் எடுக்கும். அடுத்த கட்டளைக்கு முன் அந்த இடைவெளியைக் கொடுங்கள்.

7. பாவிப்பவர் வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து, கதவுகள் மூடியபடி, விளக்கும் மின்விசிறியும் இயங்கும்போது, 20 தடவை அழுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை தவறினாலே பெட்டியின் இடத்தை மாற்றுங்கள்.

8. பழைய ரிமோட்டுகளை எறிய வேண்டாம். குறியீடு அழிந்தால் மீண்டும் பதிவதற்கு அவை வேண்டும்.

வழக்கமாக வரும் சிக்கல்கள்

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை வேலை செய்கிறதா? ரிமோட்டின் ஒளியும் பெட்டியின் ஒளியும் ஒரே நேரத்தில் கருவியை அடைகின்றன. ரிமோட்டில் ஐ.ஆர். அனுப்புவதை நிறுத்துங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், ரிமோட் முனையில் கறுப்பு ரேப்பைப் பல மடிப்பாக ஒட்டுங்கள்.

யாரும் அழுத்தாமலே பெட்டியின் விளக்கு மின்னுகிறதா? மலிவான எல்.ஈ.டி. அல்லது சி.எஃப்.எல். விளக்கு, வெயில், பக்கத்து வீட்டின் இதே வகைக் கருவி ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெட்டியில் சனல் மாற்றும் சிறு சுவிச் இருந்தால் இரண்டு பக்கத்திலும் மாற்றுங்கள்.

தூரம் போதவில்லையா? பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் வெட்டவெளியில் அளந்தது. வீட்டுக்குள் அது வெகுவாகக் குறையும். முதலில் பற்றரியை மாற்றுங்கள். பிறகு பெட்டியை உயரத்தில் வையுங்கள்.

பற்றரி பற்றி இன்னொன்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறைக்கு பற்றரியின் அருமை தெரியும். இன்று பிரச்சினை வேறு. சிறிய ரிமோட்டுகளில் வரும் நாணய வடிவப் பற்றரிகளைக் குழந்தைகள் விழுங்கினால், சில மணித்தியாலங்களிலேயே தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துவிடும். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அவசரநிலை அது. பற்றரி மூடிக்குத் திருகாணி உள்ள ரிமோட்டையே வாங்குங்கள்.

433 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் மலிவான கருவிகள் பல, மாறாத ஒரே குறியீட்டை அனுப்புகின்றன. அதை இன்னொருவர் பதிந்து மீண்டும் அனுப்பலாம். தொலைக்காட்சிக்கு இது பெரிய ஆபத்தல்ல. படலைக்கும் கதவுப் பூட்டுக்கும் இவற்றை நம்ப வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவிகள்

கனடா, அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். இலங்கையில் 230 வோல்ற். அடப்ரரின் பின்னால் 100–240 என்று எழுதியிருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் நேரே செருகக்கூடாது, எரிந்துவிடும். ஐரோப்பா, பிரித்தானியாவிலிருந்து வருபவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

அலைவரிசையும் நாட்டுக்கு நாடு மாறும். வட அமெரிக்காவில் சில வீட்டுக் கருவிகள் 908 மெகாஹேர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன. இங்கே 890 முதல் 915 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதி, கைத்தொலைபேசிகள் கோபுரங்களுக்கு அனுப்பும் அலைகளுக்கு உரியது. அப்படியான கருவி இங்கு பொருந்தாது. 2.4 கிகாஹேர்ட்ஸ் உலகெங்கும் பொதுவானது என்பதால், அனுப்பச் சொல்லும்போது அதைக் கேட்பது பாதுகாப்பானது. வானொலி அலையை வெளிவிடும் கருவிகள் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. கடையில் வாங்கும்போது அதன் அனுமதி பெற்ற மாதிரியா என்று கேளுங்கள்.

யாருக்கு எது?

படுத்த நிலையில் இருப்பவர்களுக்கு ஆர்.எஃப். தரும் மிகப் பெரிய வசதி, ரிமோட்டைக் கையில் பிடிக்கவே தேவையில்லை என்பது. கட்டில் சட்டத்திலோ சக்கரநாற்காலியின் கைப்பிடியிலோ அதை அசையாமல் கட்டிவிடலாம். எந்தத் திசையில் இருந்தாலும் வேலை செய்யும் என்பதால், விரல் இல்லாதவர் முழங்கையாலோ மணிக்கட்டாலோ அழுத்தலாம். இதற்குப் பெரிய பொத்தான்களும், பொத்தான்களுக்கிடையே இடைவெளியும் உள்ள ரிமோட்டைத் தேர்ந்தெடுங்கள். உணர்ச்சி இழந்த உடற்பகுதிக்குக் கீழே ரிமோட் அகப்பட்டால் அவருக்குத் தெரியாது. படுக்கைப் புண்ணுக்கு அது காரணமாகும். ஆகவே படுக்கையில் விட்டுவிடாமல் கட்டி வைப்பதே நல்லது.

பார்வை இழந்தவர்களுக்குப் பற்றரி வடிவ அனுப்பி பொருத்தம். ஒலியடக்கப் பொத்தானிலும் இயக்கும் பொத்தானிலும் ஒரு துளி பசையை விட்டுக் காயவைத்தால் தடவி அறியலாம். திரை மட்டுமே உள்ள, பொத்தானில்லாத ரிமோட்டுகள் இவர்களுக்கு உதவாது.

திடீர்ச் சத்தத்தால் பாதிக்கப்படுபவர்களுக்கு ஒலியடக்கம் தனிப் பொத்தானாக, மற்றவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். அது உண்மையில் சத்தம் வரும் கருவிக்கே போக வேண்டும். ஹோம் தியேட்டர் இருக்கும் வீட்டில் சத்தம் வருவது அம்பிளிஃபயரிலிருந்து. தொலைக்காட்சியை ஒலியடக்கி எந்தப் பயனும் இல்லை. குறியீடு பதியும்போது இதை மறக்க வேண்டாம்.

கருவிகள் அலுமாரிக்குள் இருப்பது மட்டுமே சிக்கல் என்றால் வயர் நீட்டிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொதுவாக ஒழுங்கு இதுதான்: முதலில் எச்.டி.எம்.ஐ. வசதியைச் சோதியுங்கள், பிறகு வயர், பிறகு பற்றரி வடிவ அனுப்பி அல்லது பெட்டிச் சோடி, கடைசியாக ஹப். எதை வாங்கினாலும், ரிமோட் எங்கே தொங்க வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அதைப் பாவிக்கப்போகிறவராக இருக்கட்டும். அவர் தனியே ஒரு நாள் முழுவதும் பாவித்துப் பார்த்து, யாரையும் கூப்பிட வேண்டி வரவில்லை என்று சொன்ன பிறகு வயர்களை நிரந்தரமாக ஒட்டுங்கள்.